சர்ர்ர்ரென்று பிரியும் தையல்!

இலங்கையின் மாத்தளைப் பக்கம், யட்டவத்தையில் சித்தி வீட்டு முற்றம். பாயில் மிளகு காய்கிறது. கோழிகள் காலைச் சுற்றுகின்றன. நான் ஒரு கோழித்தீன் சாக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறேன். சாக்கின் வாயைத் தைத்திருக்கும் வெள்ளை நூலை இழுக்க இழுக்க அது இறுகிக்கொண்டே போகிறது. பல்லால் கடித்தும் பார்த்தாயிற்று. கத்தரிக்கோல் தேடிக் கிளம்பும்போது சித்தி வந்தார்.

"என்னா புள்ள, அந்த நுனிய இழுத்தா பொழுது விடிஞ்சாலும் வராது. இங்கிட்டு வா."

சாக்கைத் திருப்பினார். மறு நுனியில் தொங்கிய நூல்வாலை நறுக்கினார். கடைசிக் கண்ணியை நகத்தால் நெம்பினார். இழுத்தார்.

சர்ர்ர்ர்ர்!

ஒரு முழம் தையல் ஒரே மூச்சில் காணாமல் போனது. சாக்கு வாயைப் பிளந்தது. கோழிகள் பாய்ந்தன. சித்தி கையில் சுருள்சுருளாக நூல்.

நான் கத்தியே விட்டேன். "சித்தி! இதேதான்! இதைத்தான் மனுசன் நெஞ்சுக்குள்ள வெச்சு இழுக்குறாங்க!"

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார். "எதை? கோழித்தீன் சாக்கையா?"

சாக்கை இல்லை. அந்தத் தையலை!

வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம். அறுவைக் கூடத்துக்கும் பின்னால், இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய்க்கு உள்ளே. அங்கே ஒரு தையல் ஒளிந்திருக்கிறது.

ஒரு பென்சிலுக்குள் ஒரு குழாய்

இதயத்திலிருந்து கிளம்பி நெஞ்சைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கும் பெரிய இரத்தக்குழாய்க்குப் பெருநாடி என்று பெயர். சிலருக்கு அதன் சுவர் ஓரிடத்தில் நைந்து, பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்துவிடும். வயிற்றுப் பகுதியில் சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தக் குழாய், ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் மருத்துவர்கள் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். வெடித்துவிட்டால் பிழைப்பது அரிது.

முன்பு நெஞ்சையோ வயிற்றையோ திறந்துதான் சரிசெய்தார்கள். இப்போது பலருக்குத் தொடை இடுக்கில் ஒரு துளை போதும். அதன் வழியே ஒரு கதீட்டர் போகும். அதன் தலைப்பக்கம் மடக்கிச் சுருட்டிய ஒரு செயற்கைக் குழாய் இருக்கும். புடைப்பு இருக்கும் இடத்துக்குப் போய் அது விரிந்துகொண்டால், டியூபுக்குள் டியூப் போட்ட கதைதான். இரத்தம் புதுக்குழாய் வழியே ஓடும், நைந்த சுவரின் மேல் அழுத்தம் விழாது. இதற்கு ஸ்டென்ட் கிராஃப்ட் என்று பெயர்.

இதன் எலும்புக்கூடு பெரும்பாலும் நிட்டினோல் கம்பி. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த இந்த உலோகம் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஆய்வுக்கூடத்தின் முதலெழுத்துகளே பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டன. எவ்வளவு மடக்கினாலும், விட்டவுடன் தன் பழைய வடிவத்துக்குத் துள்ளி வரும். குணம் நம் வீட்டுக் கடைக்குட்டி மாதிரி.

இப்போது அளவைப் பாருங்கள். நெஞ்சுப் பகுதிக்கு வைக்கும் குழாய் விரிந்தால் 40 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்கும். அது நுழைய வேண்டிய உறையோ 24 பிரெஞ்ச். பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் தந்த அளவுமுறை இது. மூன்று பிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஆக, 24 பிரெஞ்ச் என்றால் 8 மில்லிமீட்டர், ஒரு பென்சிலின் தடிமன்! அதற்குள் 40 மில்லிமீட்டர் குழாய், அதுவும் விரியத் துடித்துக்கொண்டே!

போகிற வழியெல்லாம் அதைப் பிடித்து வைப்பது யார்? ஒரு வழி, மேலே ஒரு குழாயுறை போட்டு மூடி, இடத்துக்குப் போனதும் உறையைப் பின்னால் இழுப்பது. பல நிறுவனங்கள் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் உள்ளே இருப்பது உறையின் சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். நீளம் கூடக்கூட உராய்வும் கூடும், இழுக்கும் கையும் வலிக்கும்.

இன்னொரு வழிதான் என்னைத் துள்ளவைத்தது. மெல்லிய ஏடு ஒன்றைச் சுற்றி, அதன் இரண்டு ஓரங்களையும் சேர்த்து, தைத்துவிடுவது! தையல்நூலின் வால் கதீட்டருக்குள்ளேயே ஓடி, வெளியே மருத்துவர் பிடித்திருக்கும் குமிழில் முடியும். எக்ஸ்ரே திரையில் இடம் சரிபார்த்து, குமிழைத் திருகி இழுத்தால் சர்ர்ர்! அமெரிக்காவின் கோர் நிறுவனம் பெருநாடிக் குழாய்களை இப்படித்தான் அனுப்புகிறது. அந்த ஏடு, வெடுக்கென்று இழுத்து விரித்த டெஃப்லான். 1969இல் அந்த நிறுவனத்தின் பாப் கோர் பலமுறை மெதுவாக இழுத்துப் பார்த்துத் தோற்று, எரிச்சலில் சூடான டெஃப்லான் கம்பியை ஒரே இழுப்பில் இழுத்தார். அறுந்துவிடும் என்று நினைத்தது பத்து மடங்கு நீண்டது! ஆக, இந்தக் கதை தொடங்கியதும் ஓர் இழுப்பில், முடிவதும் ஓர் இழுப்பில்.

சித்தியின் மேசை, எங்கள் ஆய்வுக்கூடம்

சித்தி சும்மா ஆள் இல்லை. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு போனாரே, அந்த அலையில் கார்மண்டுக்குப் போன ஆயிரமாயிரம் பெண்களில் ஒருத்தி. ஜூக்கி தையல் மெசினில் பதினெட்டு வருடம். தைத்த துணியைத் தொட்டே எந்த இடத்தில் டென்ஷன் கூடியது என்று சொல்லிவிடுவார். இப்படி ஒரு நிபுணர் கையருகே இருக்கும்போது விடலாமா?

"சித்தி, நாம ஒரு கதீட்டர் செய்வோம்."

"மொதல்ல சோத்த தின்னு."

தின்றேன். பிறகு மேசையைத் துடைத்தோம். பழைய கதிரைக் குஷனிலிருந்து உருளையாக வெட்டிய ஸ்பொஞ்ச் எங்கள் நிட்டினோல். காலியான தீன்சாக்கிலிருந்து நறுக்கிய துண்டு எங்கள் டெஃப்லான் ஏடு. பிரித்தெடுத்த அதே வெள்ளை நூல். ஒரு குரோஷா ஊசி. ஸ்பொஞ்சை முறுக்கிச் சாக்குத்துண்டில் நான் இறுக்கிப் பிடிக்க, சித்தி தைக்க வேண்டும்.

தைக்கும் முன் பாடம் நடந்தது. "சட்டைக்குப் போடுறது லொக் ஸ்டிச். மேல ஊசி நூலு, கீழ பொபின் நூலு. ரெண்டும் துணி நடுவுல கை கோத்துக்கும். ஒரு எடத்துல அறுந்தாலும் மத்தது நிக்கும். பிரிக்கணும்னா ஒவ்வொண்ணா நோண்டணும்." உலகத் தையல் தரவரிசையில் இதற்கு 301 என்று எண். "சாக்குக்குப் போடுறது சங்கிலி." ஒற்றை நூல் சங்கிலித் தையல் 101.

சங்கிலியை அவர் மெதுவாகப் போட்டுக் காட்டினார். ஊசி உள்ளே போய் நூலை ஒரு கண்ணியாக மேலே இழுத்து வருகிறது. அந்தக் கண்ணி ஊசியிலேயே காத்திருக்க, ஊசி அடுத்த துளையில் இறங்கி, புதுக் கண்ணியைப் பழைய கண்ணிக்குள்ளே நுழைத்து எடுக்கிறது. முதல் கண்ணியை இரண்டாவது பிடிக்கிறது, இரண்டாவதை மூன்றாவது. வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் இருப்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. அப்படியானால் கடைசிப் பிள்ளையை யார் பிடிப்பது? யாரும் இல்லை! அதற்குள் செருகிய நூல்வால் மட்டும்தான். வாலை உருவினால் கடைசிக் கண்ணி கைவிடும், அது விட்டதும் அதற்கு முந்தியது, அப்புறம் அதற்கு முந்தியது. தொடங்கிய நுனியிலிருந்து இழுத்தாலோ முதல் முடிச்சு இறுகுமே தவிர ஒன்றும் அசையாது. சாக்கோடு நான் பட்ட பாடு அதுதான்.

ஆடைக்காரர்களுக்கு இது குறை. ஒரு நுனி அறுந்தால் காற்சட்டை மடிப்பு தெருவில் அவிழ்ந்து மானம் போகும். கதீட்டர்காரர்களுக்கோ இதுவே வரம்! குறை என்று ஒதுக்கியதை எடுத்து நடு நெஞ்சில் வைத்துவிட்டார்கள்.

முதல் சோதனை. சித்தி பெரிய பெரிய கண்ணியாகப் போட்டார். கையை எடுத்தேன். தையலுக்கும் தையலுக்கும் நடுவில் ஸ்பொஞ்ச் பிதுங்கிக்கொண்டு வந்தது, இறுக்கமான ரவிக்கையில் பட்டனுக்கு நடுவே பிதுங்குவது போல. "இது நரம்புக்குள்ள போனா சிராய்க்காதா?" என்றார் சித்தி. வடிவமைப்பாளர் கேட்கும் அதே கேள்வி!

இரண்டாம் சோதனை. பொடிக் கண்ணிகள், நல்ல இறுக்கம். வழவழவென்று அழகான உருளை. இழுத்தோம். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்ததில் மேசையிலிருந்து உருளையே கிளம்பி என் மடியில் விழுந்தது. பெருநாடிக்குள் இது நடந்தால்? குழாய் வைத்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும். மூளைக்குப் போகும் கிளைக்குழாய்கள் பக்கத்திலேயே இருக்கும், அவற்றின் வாயை மூடிவிட்டால் கதை கந்தல்.

மூன்றாம் சோதனைக்கு முன் சித்தி எழுந்துபோய் மெழுகுவர்த்தித் துண்டொன்றை எடுத்து வந்தார். நூலை அதன் மேல் இரண்டு தடவை இழுத்தார். கண்ணி நடுத்தரம், டென்ஷன் கொஞ்சம் தளர்வு. இழுத்தேன்.

சர்ர்ர்... பொப்!

ஸ்பொஞ்ச் துள்ளி விரிந்து, தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. நாங்கள் இருவரும் கைதட்டினோம். கோழிகூட ஒன்று எட்டிப் பார்த்தது.

கண்ணியின் நீளம், நூலின் இறுக்கம், நூலின் வழவழப்பு. மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும், ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கெடும். பிடிக்கும் பலமும் விடும் சுலபமும் ஒரே நூலில் அமைய வேண்டும். அதுதான் அந்த வேலையின் முழு வம்பும். இன்னொரு கணக்கும் உண்டு. ஒற்றை நூல் சங்கிலித் தையல், தைக்கும் நீளத்தைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு நூலைத் தின்னும். 10 சென்டிமீட்டர் தையல் பிரிய 40 சென்டிமீட்டர் நூல் வெளியே வர வேண்டும். அத்தனையும் சிக்காமல், கதீட்டரின் வளைவுகளில் மாட்டாமல்!

நடுவிலிருந்து திற!

"எந்தப் பக்கத்துல இருந்து பிரியணும்?" என்று சித்தி கேட்டபோது எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏனென்றால் அடுத்த ரகசியம் அதில்தான் இருக்கிறது.

தையலை எங்கே முடிக்கிறோமோ அங்கிருந்துதான் அது பிரியும். ஆகவே எங்கே முடிப்பது என்பதே, குழாய் எங்கிருந்து விரிய வேண்டும் என்பதற்கான உத்தரவு. வயிற்றுப் பெருநாடிக்கான குழாயில், சிறுநீரகக் கிளைகளுக்குக் கீழே மேல்நுனி சரியாக உட்கார வேண்டும். எனவே மேலிருந்து கீழாகத் திறப்பு. நெஞ்சுப் பெருநாடியில் கதை வேறு. அங்கே இரத்தம் இதயத்திலிருந்து அப்போதுதான் வெளிப்பட்ட வேகத்தில் வரும். மேல்நுனி முதலில் விரிந்தால் என்ன ஆகும்? மாத்தளை பஸ் ஸ்டாண்டில் மழைக்காற்றுக்கு எதிரே குடையை விரித்துப் பாருங்கள், ஆளையே இழுத்துக்கொண்டு போகும்! குழாயையும் இரத்தம் அப்படித்தான் கீழே தள்ளப் பார்க்கும்.

அதற்கு என்ன தந்திரம்? இரண்டு நுனியிலிருந்தும் தைத்துக்கொண்டு வந்து நடுவில் முடித்தால், நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் பிரியும். 2005இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த முதல் நெஞ்சுப் பெருநாடிக் குழாய், கோர் டேக், இப்படித்தான் திறந்தது. நடுவயிறு முதலில் விரிந்து நிலைகொள்ளும், நுனிகள் பின்னால் வரும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில். பிரிந்த ஏடு எங்கே போகும் என்று கேட்கிறீர்களா? குழாய்க்கும் நாளச் சுவருக்கும் நடுவிலேயே தங்கிவிடும். நூல் மட்டும் வெளியே வரும்.

அப்புறம் வந்த வடிவத்தில் இன்னும் ஒரு குறும்பு. ஏட்டுக்குள் ஏடு! முதல் தையல் பிரிந்ததும் குழாய் பாதி அகலத்துக்கு விரிந்து நிற்கும். மருத்துவர் நின்று நிதானித்து, சற்றே நகர்த்தி, பிறகு இரண்டாம் தையலை இழுப்பார். இழுத்தபின் யோசிக்க முடியாதே, அதனால் யோசிப்பதற்கென்றே ஒரு தையல்.

சித்தி நடுவில் முடியும் தையலைப் போட்டுப் பார்த்தார். முதல் தடவை ஒரு பக்கம் முந்திக்கொண்டது. இரண்டாம் தடவை கண்ணிகளை எண்ணிப் போட்டார், இடது பக்கம் பதினாறு, வலது பக்கம் பதினாறு. இரண்டு வாலையும் சேர்த்து இழுத்தேன். ஸ்பொஞ்ச் நடுவில் தொப்பை போட்டு, பிறகு இரு தலையும் மலர்ந்தது. "பூ மாதிரி," என்றார் சித்தி. முகமும் அப்படித்தான் இருந்தது.

தையல்காரர்கள் நடத்திய புரட்சி

இதையெல்லாம் தொடங்கி வைத்தவர்களும் ஊசி பிடித்தவர்கள்தான். 1894இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஜனாதிபதி சாதி கார்னோ கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அறுந்த இரத்தக்குழாயைத் தைக்க அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. அதே ஊரில் மருத்துவ மாணவராக இருந்த அலெக்சி கரேல், பூத்தையல் கலைஞர் ஒரு பெண்மணியிடம் போய் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1912இல் இரத்தக்குழாய்த் தையலுக்காக அவருக்கு நோபல் பரிசு!

அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி, லெபனானிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. அம்மாவிடம் தையல் கற்றவர். 1950களில் ஹூஸ்டன் கடையொன்றுக்கு நைலோன் துணி வாங்கப் போனார். தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்று புதுசாக ஒன்று வந்திருக்கிறது என்றார்கள். வாங்கி வந்து, மனைவியின் தையல் மெசினில் உட்கார்ந்து செயற்கைப் பெருநாடி தைத்தார். துணிக்கடையில் நைலோன் இருந்திருந்தால் மருத்துவ வரலாறு வேறு துணியில் தைக்கப்பட்டிருக்கும்! 97 வயதில் அவருடைய பெருநாடியே கிழிந்தபோது, 2006இல், அவர் உருவாக்கிய அறுவை முறையிலேயே, டேக்ரான் குழாய் வைத்தே, அவரைக் காப்பாற்றினார்கள். 99 வயது வரை இருந்தார்.

1990 செப்டம்பரில் புவனோஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, அந்த டேக்ரான் குழாயையும் ஸ்டென்டையும் சேர்த்துத் தைத்து, தொடை வழியே ஏற்றி, வயிற்றைத் திறக்காமல் புடைப்பைச் சரிசெய்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே சோவியத் கார்கிவில் வொலோடோஸ் நெஞ்சுப் பெருநாடியில் அதைச் செய்திருந்தார்.

பிரியவே கூடாத தையல்

"எல்லாத்தையும் பிரிச்சா எப்பிடி? பிரியாத தையல் ஒண்ணும் வேணுமே," என்றார் சித்தி, தரக்கட்டுப்பாட்டுக் குரலில்.

இருக்கிறது! கம்பியையும் துணியையும் பிணைக்கும் தையல். பல ஸ்டென்ட் கிராஃப்ட்களில் அது கையால் போட்டது. ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகருக்குப் பக்கத்தில் இன்சினன் என்ற ஊரில் பெண்கள் இன்றும் இந்தக் குழாய்களைக் கையால் தைக்கிறார்கள். பெய்ஸ்லி என்றால் யார்? நம் சேலை மாங்காய்க்கு ஐரோப்பா வைத்த பெயரே அதுதான். சித்தியின் தையல்பெட்டியில் கிடக்கும் கோட்ஸ் நூல்கட்டையின் பிறந்த வீடும் அதுவே. மதுரை மில்களோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனதும் அதே குடும்பம்.

இந்தியாவிலும் இந்த ஊசிகள் ஓடுகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதன் விளிம்பிலுள்ள பொலியெஸ்டர் துணி வளையம், அறுவை மருத்துவர் ஊசியை ஏற்றுவதற்கென்றே இருக்கிறது. குஜராத்தின் வாப்பியில் மெரில் நிறுவனம் செய்யும் மைவால், மாட்டின் இதய உறையிலிருந்து வெட்டிய இதழ்களை உலோகச் சட்டத்தில் தைத்து, பலூன் மேல் நசுக்கி, தொடை வழியே இதயத்துக்கு ஏற்றும் வால்வு. இந்தியா அதற்கு 2018இல் அனுமதி தந்தது.

இந்தத் தையல்களின் பாடு என்ன தெரியுமா? நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம். பத்தாண்டில் ஏறத்தாழ 38 கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் கம்பி நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். 1990களில் வந்த ஆரம்பக் குழாய்கள் சிலவற்றில் உள்ளே நூல் அறுந்து, கம்பி வரிசைகள் விலகிப்போயின. இன்று பத்தாண்டுக்கு ஈடான துடிப்புகளைச் சோதனை எந்திரத்தில் அடித்துப் பார்த்த பின்பே குழாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

ஆக, இந்த வேலையில் இரண்டு வகைத் தையல். ஒன்று 38 கோடி துடிப்புக்கும் அசையக் கூடாது. இன்னொன்று, ஒரே இழுப்பில் ஒன்றுமில்லாமல் போக வேண்டும். முதலாவதைத் தைக்கக் கை வேண்டும். இரண்டாவதைத் தைப்பவருக்கோ, தன் வேலை எப்படி அழியப்போகிறது என்பது கண்ணி கண்ணியாகத் தெரிந்திருக்க வேண்டும். நன்றாகத் தைப்பவரைத்தான் நாம் எப்போதும் மெச்சுகிறோம். நன்றாகப் பிரியும்படி தைப்பவரை மெச்ச எனக்கு ஒரு கோழித்தீன் சாக்கு தேவைப்பட்டது.

மிளகை வாரும் நேரம் வந்துவிட்டது. மேசையில் சாக்குத்துண்டும் நனைந்த ஸ்பொஞ்சும் கொட்டிய தேநீரும். சித்தி கடைசியாக இழுத்த நூலை வெளிச்சத்தில் பிடித்து, நுனியிலிருந்து நுனிவரை விரல்களுக்கிடையே ஓடவிட்டார்.

"என்ன சித்தி பார்க்குறீங்க?"

"எல்லாம் வந்திருச்சான்னு. அறுந்து உள்ள கொஞ்சம் நின்னுருச்சுன்னா?"

நான் அவருக்கு அதைச் சொல்லவே இல்லை! இழுத்த இழை முழுசாக வெளியே வந்ததா என்று மருத்துவரும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முழுசாக வந்திருந்தது. சித்தி அதை அடுக்களை ஜன்னலில் வைத்திருக்கும் நூலுருண்டையில் சுற்றினார். இத்தனை வருடச் சாக்குகளின் வாயெல்லாம் சேர்ந்து அது தேங்காய் அளவு இருந்தது. "பந்தலுக்குப் பாவக்கொடி கட்டணும், புள்ள," என்று சொல்லிக்கொண்டே நுனியைச் செருகினார். இந்தத் தடவை பிரியாதபடிக்கு.